வண்டிக்கு ஞானத்தகப்பன்

வெள்ளை செடான் தெருமுனை வேகத்தடையைத் தாண்டும்போதெல்லாம் அதன் வயிறு சிமென்டில் உரசும். அந்தச் சத்தத்தில் நிக்கானோர் தார்க்கிக்குப் பல் கூசும். வாய்விட்டுத் திட்டலாம் என்றால் திட்ட ஆளில்லை. தடையைக் கட்டியவனே அவன்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் தெருக் கூட்டத்தில் எழுந்து நின்று, "மினிபஸ்காரனுங்க கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுறானுங்க, இன்னைக்கு நாய் போச்சு, நாளைக்குப் பிள்ளை போகும்" என்று முழங்கிக் கைதட்டு வாங்கியவன் அவன். ஒரு சாண் உயரம் போதும் என்று தலைவர் சொன்னதைக் கேட்காமல் ஒன்றரைச் சாணாக ஏற்றியவனும் அவன். அன்றைக்கு அவனிடம் இருந்தது பழைய வேகன். படிக்கட்டில் விட்டாலும் ஏறி இறங்கும். தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் வண்டி ஒன்றை வாங்குவோம் என்று அவன் கனவிலா கண்டான்?

எல் ஆல்தோ மாதிரி மலை நகரத்தில் புது செடான் வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. காய்ந்த மாதங்களில் புழுதி, மழை மாதங்களில் சேறு. வெள்ளை என்று வாங்கியது இரண்டே நாளில் சோள மாவு நிறத்துக்கு வந்துவிடும். பெட்ரோலுக்கு வரிசையில் நின்றால் காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் வண்டிக்குள்ளேயே. ஏதாவது ஒரு புனிதருக்கு விழா என்று தெருவில் பட்டாசு வெடித்தால் அலாரம் ஊளையிடும். எல் ஆல்தோவில் பட்டாசு வெடிக்காத நாள் எது? முன் இருக்கையில் வெங்காய மூட்டையை வைத்தால், பெல்ட் போடு, பெல்ட் போடு என்று வண்டி நச்சரிக்கும். வெங்காயத்துக்கு பெல்ட் மாட்டிவிட்டுத்தான் அவன் மனைவி யோலாவின் சந்தைக் கடைக்குப் போக வேண்டும்.

"கல்யாணமாகி பதினாறு வருஷம். எனக்கு ஒரு நாள் இவ்வளவு பதவிசா பெல்ட் போட்டு விட்டிருக்கியாய்யா?" என்பாள் யோலா.

இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையை எட்டு மாதமாகியும் அவன் கழற்றவில்லை. அழுக்காகிவிடுமாம். மாமியார் ஒருமுறை ஏறி உட்கார்ந்தவள், முதல் வளைவிலேயே ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய ஐந்து பாவாடையோடும் இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவுக்குச் சறுக்கிப் போய்ச் சேர்ந்தாள். அன்றோடு எனக்கு மினிபஸ்ஸே போதும் என்று கும்பிடு போட்டுவிட்டாள்.

இதெல்லாம் புது வண்டி வாங்கின எல்லோருக்கும் உள்ள தொல்லைதான். நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தால் பாதி குறையும். நிக்கானோருக்குச் சொல்லிச் சிரிக்க நாலு பேர் வேண்டாம், ஒருவன் போதும். தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் ருஃபினோ. அந்த ஒருவன்தான் இப்போது இல்லாமல் போய்விட்டான். கடை அங்கேயேதான் இருக்கிறது. ஆளும் அங்கேயேதான் இருக்கிறான். காலையில் பார்த்தால் கையைத் தூக்கி வணக்கமும் சொல்கிறான். 'மச்சான்' என்று கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டான்.

பழைய வேகன் மூன்று கை மாறி நிக்கானோரிடம் வந்தது. நாலாயிரம் மீட்டர் உயரத்துக் குளிரில் ராத்திரியெல்லாம் நின்றால் காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும். ஒன்பது வருடம், விடிந்ததும் அதைத் தள்ளிக் கிளப்பியவன் ருஃபினோ. ஒரு கையில் சூடான ஊதாச் சோளக் கஞ்சி டம்ளர், மறு கை வண்டியின் பின்புறத்தில். கஞ்சி ஒரு சொட்டு சிந்தாது. அவன் தள்ளுவதைப் பார்த்து எதிர்வீட்டு ரொட்டிக்காரர் வருவார், தையற்காரி எலோடியா வருவாள், பள்ளிக்கூடத்துக்குப் போகிற வாத்தியார் பையைத் தரையில் வைத்துவிட்டு வருவார். "உன் வண்டி நடக்குது மச்சான், நாங்கதான் ஓடுறோம்" என்று ருஃபினோ கத்த, தெருவே சிரிக்கும். இறக்கத்தின் முடிவில் வேகன் இருமி, புகை கக்கி, உயிர் பிடிக்கும். நிக்கானோர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டிக்கொண்டே வேலைக்குப் போவான். வேலைக்கு அவ்வளவு சந்தோஷமாகப் போகிறவன் அந்தத் தெருவில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டான்.

அந்தக் காலத்தில் ஒரு கார்னிவல் செவ்வாயன்று, நாலு பீருக்கு மேல் இறங்கியிருந்த நேரத்தில், நிக்கானோர் ருஃபினோவின் தோளில் கை போட்டுச் சொன்னான்: "நான் புது வண்டி வாங்குற அன்னைக்கு அதுக்கு நீதான்டா ஞானத்தகப்பன். எழுதி வெச்சுக்கோ."

"நீ மொதல்ல இதுக்கு ஒரு பேட்டரி வாங்கு" என்றான் ருஃபினோ. ஆனால் அவன் கண் கலங்கியதை நிக்கானோர் பார்த்தான்.

அது சும்மா சொல்கிற வார்த்தை இல்லை. புது வண்டி வாங்கினால் ஏரிக்கரையில் கோப்பகபானா மாதா கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். பாதிரியார் தீர்த்தம் தெளிப்பார். பிள்ளைக்கு ஞானஸ்நானம் மாதிரிதான், வண்டிக்கும் ஒரு ஞானத்தகப்பன் பக்கத்தில் நிற்க வேண்டும். மாலை அவன் செலவு, பீர் அவன் செலவு, தூவுகிற வண்ணக் காகிதம் அவன் செலவு. நாலு நல்ல வார்த்தை சொல்லி, முதலில் மண்தாய்க்கும் பிறகு நாலு டயருக்கும் பீர் ஊற்ற வேண்டும். அன்றிலிருந்து வண்டிக்காரனும் அவனும் கொம்பாத்ரே. ஒருவன் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மற்றவன் முன்னால் நின்றாக வேண்டும். கூடப் பிறந்தவனோடு சண்டை போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போகலாம். கொம்பாத்ரேயோடு குரல் உயர்த்திப் பேசினாலே ஊர் காறித் துப்பும்.

நிக்கானோர் வேலை பார்ப்பது கட்டுமானச் சாமான் கிடங்கு ஒன்றில், இரண்டாவது ஸ்டோர்கீப்பராக. பெரிய ஸ்டோர்கீப்பர் அந்த வருடக் கடைசியில் ஓய்வு பெறப்போவதாகப் பேச்சு. செடானை முதன்முதலாகக் கிடங்குக்கு ஓட்டிப்போன அன்று, மேலாளர் இஞ்சினியர் வியெகாஸ் அறையை விட்டு வெளியே வந்து, பானெட்டை இரண்டு தட்டுத் தட்டினார்.

"நல்லா இருக்கே நிக்கானோர். மாதா கோயிலுக்குக் கொண்டுபோயாச்சா? யாரு ஞானத்தகப்பன்?"

நரம்பில்லாத நாக்கு. ருஃபினோ என்று ஒரு பேரைச் சொல்லியிருந்தால் தீர்ந்தது. "நீங்க மனசு வெச்சா நீங்கதான் இஞ்சினியர்" என்று சொல்லிவிட்டான். சொன்ன மறு நொடி அவனுக்கே தூக்கிவாரிப் போட்டது. இஞ்சினியர் சிரித்தார். "செஞ்சிட்டாப் போச்சு. அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு அடுத்தது நாங்களும் அந்தப் பக்கம்தான் மீன் சாப்பிட வர்றோம்" என்றார்.

பதினொரு நாள் இருந்தது. பதினொரு நாளும் நிக்கானோர் பஞ்சர் கடையைக் கடந்துதான் வீட்டுக்குப் போனான். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாளைத் தள்ளினான். என்றைக்குப் போகிறார்கள் என்று ருஃபினோ யோலாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். யோலாவுக்கும் விஷயம் தெரியாது. சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டில்தான் அவளிடம் சொன்னான். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அந்த மனுஷன் மாலைக்குச் சொல்லி வெச்சிருக்காரு."

"காலைல சொல்லிடறேன்."

"சொல்லு. நீதான் சொல்லணும். என்னை இதுல இழுக்காதே."

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வாசல் கேட்டைத் திறந்தால் ருஃபினோ நிற்கிறான். கல்யாணத்துக்குத் தைத்த கறுப்பு சூட். பித்தான் மூடவில்லை, அதனால் வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். நகக்கண்ணில் எப்போதும் இருக்கும் ரப்பர் கறுப்பை எதைப் போட்டுத் தேய்த்தானோ, விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. காலடியில் ஒரு பெட்டி பீர். தோளில் சிவப்பும் மஞ்சளுமாக, ஆள் உயரப் பூமாலை. மணவறைக்குப் போகிற மாப்பிள்ளை கெட்டான்.

"என்ன மச்சான் முழிக்கிறே? பொண்ணு ரெடியா?" என்று செடானைப் பார்த்துக் கண்ணடித்தான்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். கேட்டைச் சாத்திவிட்டு இரண்டு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். நிக்கானோர் டிக்கியைத் திறந்துவிட்டான்.

மூன்று மணி நேரப் பாதை. ருஃபினோ பின் இருக்கையில், மாலை பிளாஸ்டிக்கில் படாமல் மடியில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்தான். வாய் ஓயவில்லை. பட்டனைத் தொட்டால் கிளம்புகிற வண்டியை நக்கலடித்தான். "இனிமே காலைல எனக்கு என்ன வேலை? கஞ்சியை உக்காந்து குடிக்கணும் போல." பானெட்டைத் திறந்து பார்த்தால் எல்லாம் மூடி மூடி வைத்திருக்கிறது, கன்னியர் மடம் மாதிரி என்றான். ஸ்டெப்னி டயர் இல்லை, காற்றடிக்க ஒரு சின்ன மெஷினும் பசை டப்பாவும்தான் என்று கேட்டதும் அவன் சிரித்த சிரிப்பில் யோலாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "டயரே தராம டயர்க்காரன் பொழைப்புல மண்ணைப் போட்டுட்டானே!" நிக்கானோரும் சிரித்தான். சிரிக்காமல் வேறு என்ன செய்வது?

ஏரி கண்ணில் பட்டதும் ருஃபினோ தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஒரு வாட்டி சொல்லிப் பாக்குறேன், தப்பு இருந்தா சொல்லுங்க. சாமி முன்னால உளறிடக் கூடாது." நிமிர்ந்து உட்கார்ந்தான். "மாதாவே, மண்தாயே, இந்த வண்டி மலை ஏறட்டும், ஆறு தாண்டட்டும். யாரையும் இடிக்க வேண்டாம், யாராலயும் இடிபட வேண்டாம். ஏறினவங்களைத் தலை எண்ணிக்கை குறையாம வீட்டுக்குக் கொண்டாந்து சேர்க்கட்டும். என் நண்பன் நிக்கானோர் ஒன்பது வருஷம் இதுக்காகக் காத்திருந்தான். நானும் காத்திருந்தேன்." நிறுத்தினான். "கடைசி வரி இருக்கட்டுமா, வேண்டாமா? என்னைப் பத்திப் பேசுற மாதிரி ஆயிடுமோ?"

யோலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு" என்றான் நிக்கானோர்.

திக்கினா ஜலசந்தியில் வண்டிகளைப் பலகைத் தெப்பத்தில் ஏற்றுவார்கள். ஓட்டுகிறவன் வண்டியோடு நிற்கலாம், மற்றவர்கள் இறங்கித் தனிப் படகில் போக வேண்டும். தெப்பத்தின் பலகை விளிம்பில் ஏறும்போது செடான் வயிற்றைத் தேய்த்துக்கொண்டு ஏறியது. நிக்கானோர் ஐயோ என்று தலையில் கை வைத்தான். ருஃபினோ சூட்டோடு தரையில் மண்டியிட்டு அடியில் எட்டிப் பார்த்தான். "ஒண்ணுமில்ல மச்சான், சிராய்ப்புதான். குழந்தை நடக்கக் கத்துக்குது." முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே படகுக்குப் போனான்.

யோலா பின்தங்கி நின்றாள். "இப்ப சொல்லப் போறியா இல்லியா?"

"நீ படகுல வெச்சு அவன்கிட்ட..."

"வாயை மூடு" என்றாள் யோலா. அக்கரை சேரும் வரை நிக்கானோர் தன் புது வண்டியோடு தனியாகத் தெப்பத்தில் நின்றான். தூரத்துப் படகில் மாலை மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

கோயில் முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. பட்டாசுப் புகை, பூ, பீர் நுரை. ருஃபினோ மாலையை உதறிப் பிரித்துக்கொண்டிருந்தபோது இஞ்சினியரின் பெரிய ஜீப் வந்து நின்றது. மனைவி, மைத்துனர் குடும்பம் எல்லோரும் இறங்கினார்கள். இஞ்சினியர் வெறுங்கையோடு வந்தார். பெரிய மனிதர் வந்ததே பெரிது.

"என்ன நிக்கானோர், ஞானத்தகப்பன் வந்தாச்சு, ஆரம்பிக்கலாமா? இவரு யாரு?"

ருஃபினோ மாலையைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தான். நிக்கானோர் பார்த்தது இஞ்சினியரின் ஷூவை.

"இவரு நம்ம தெருப் பஞ்சர் கடைக்காரர், இஞ்சினியர். உதவிக்கு வந்திருக்காரு."

அதைச் சொன்னது தன் வாய்தானா என்று இன்று வரை நிக்கானோருக்கு நம்ப முடியவில்லை. கொன்றுவிட்டுக் கூட ஒருவன் மன்னிப்புக் கேட்கலாம். அந்த ஒரு வார்த்தை 'உதவிக்கு'. அதை எந்தத் தண்ணீர் விட்டுக் கழுவுவது?

ருஃபினோ மாலையின் ஒரு நுனியை இஞ்சினியர் கையில் கொடுத்தான். "நீங்க அந்தப் பக்கம் பிடிங்க சார். கண்ணாடியில மாட்டணும்." தானே மறு நுனியைக் கட்டினான். தன் பெட்டியிலிருந்து பீரைத் திறந்து இஞ்சினியரிடம் நீட்டினான். "மொதல்ல தரைக்கு, சார். அப்புறம் முன் டயர். இல்ல சார், வலது முதல்ல." காகிதத் தூளை யோலாவிடம் கொடுத்தான். யோலா வாங்கினாளே தவிர யார் தலையிலும் தூவவில்லை. இஞ்சினியர் நல்ல வார்த்தை சொல்ல வேண்டிய இடம் வந்தபோது, "நல்லா ஓடட்டும், அபராதம் விழாம ஓடட்டும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் நிற்காமல் படம் எடுத்துக்கொடுத்தவன் ருஃபினோ.

இருபது நிமிடத்தில் இஞ்சினியர் மீன் சாப்பிடப் போய்விட்டார். நிக்கானோர் திரும்பினால், ருஃபினோ காலி பாட்டில்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"ருஃபி, நான் சொல்லலாம்னு..."

"பெட்டியைத் திருப்பிக் குடுக்கணும், கடைக்காரன் கேப்பான்" என்றான் ருஃபினோ. "எனக்கு இங்க ஒரு ஆளைப் பாக்கணும். நீங்க கிளம்புங்க. நான் மினிபஸ்ல வந்துக்குறேன்."

அங்கே அவனுக்கு ஒரு ஆளும் இல்லை. மூன்று பேருக்கும் அது தெரியும்.

அதற்குப் பிறகாவது நிக்கானோர் புத்தியோடு நடந்திருந்தால் ஏதாவது மிஞ்சியிருக்கும். இரண்டு வாரம் கழித்து ஒரு காலை, அவன் கேட்டிலிருந்து வண்டியை வெளியே எடுத்தபோது, ருஃபினோ பழக்க தோஷத்தில் காற்று அளக்கும் கருவியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். பின் டயரில் காற்று குறைவு, கண்ணுக்கே தெரிந்தது. குனிந்து வால்வு மூடியில் கை வைத்தான். நிக்கானோருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. செய்ததெல்லாம் செய்துவிட்டு இந்த மனிதனை மறுபடி குனிய வைப்பதா என்றுதான் அவன் நினைத்தான். சத்தியமாக அப்படித்தான் நினைத்தான். வாயில் வந்ததோ வேறு.

"வேண்டாம், வேண்டாம். வெளியாள் கை வெச்சா கியாரண்டி போயிடுமாம். கம்பெனிக்காரன் சொல்லியிருக்கான்."

காற்றுக்கு ஏது கியாரண்டி? ருஃபினோ மூடியைத் திருகி மூடினான். "அதுவும் சரிதான்" என்றான். கருவியைத் துடைத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டான். திறந்திருந்த ஒரு கதவை நிக்கானோர் தன் கையாலேயே அறைந்து சாத்தினான்.

இதற்கெல்லாம் கிடைத்த பலனையும் சொல்லிவிட வேண்டும். பெரிய ஸ்டோர்கீப்பர் ஓய்வு பெறவில்லை. மனைவியோடு நாள் முழுக்க வீட்டில் இருப்பதைவிட சிமென்ட் மூட்டைகளோடு இருப்பது உடம்புக்கு நல்லது என்று இன்னும் மூன்று வருடம் எழுதி வாங்கிக்கொண்டார். இஞ்சினியர் வியெகாஸுக்கு சாந்தா குரூஸுக்கு மாற்றலானது. விடைபெறும் விருந்தில் நிக்கானோர் "கொம்பாத்ரே" என்று ஒரு முறை கூப்பிட்டுப் பார்த்தான். இஞ்சினியர் யாரையோ கூப்பிடுகிறான் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

காலைகள்தான் அவனைத் தின்றன. பட்டனைத் தொட்டதும் செடான் சத்தமில்லாமல் கிளம்பும். ரொட்டிக்காரர் வெளியே வருவதில்லை. வாத்தியார் பையோடு நேராக நடந்து போகிறார். யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ஒரு தெருவையே ஒன்பது வருடம் விடியக் காலையில் சேர்த்து வைத்தது அந்தச் செத்த பேட்டரி என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. வேகனை வாங்கிப் போனவன் அதை உடைத்துப் பாகமாக விற்றுவிட்டான் என்றும் கேள்விப்பட்டான்.

மாதங்கள் போய், கார்னிவல் செவ்வாய் வந்தது. அன்றைக்கு வீடு, கடை, வண்டி, தொழில் செய்கிற கருவி எல்லாவற்றுக்கும் பூச்சுற்றி பீர் தெளித்துப் படைப்பார்கள். சல்யா என்பார்கள். வண்டிக்கு அதன் ஞானத்தகப்பன் வந்து தெளிப்பதுதான் முறை. தெரு முழுக்க கொம்பாத்ரேக்கள் பாட்டிலோடு வந்து இறங்கினார்கள். ஓட்டை மினிபஸ்ஸுக்குக் கூட ஆள் வந்தது. செடான் மட்டும் ரிப்பன் இல்லாமல் வாசலில் நின்றது.

"போய்க் கேளு" என்றாள் யோலா. "அடிச்சாலும் வாங்கிக்கிட்டு வா."

தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான். ஆனாலும் நிக்கானோர் போனான். ருஃபினோ கடையில் காற்றடிக்கும் மெஷினுக்குக் காகிதச் சுருள் சுற்றிக்கொண்டிருந்தான். நிக்கானோரைப் பார்த்ததும், அந்த நாளில் யார் வந்தாலும் செய்கிற மாதிரி, ஒரு கைப்பிடி காகிதத் தூளை அவன் தலையில் தூவினான். மனைவி லிடியா ஒரு கிளாஸ் பீர் கொண்டுவந்து கொடுத்தாள். நிக்கானோர் தரைக்குக் கொஞ்சம் ஊற்றிவிட்டுக் குடித்தான்.

"ருஃபி, என் வண்டிக்கு நீ வந்து தெளிக்கணும். உன்னைத் தவிர அதுக்கு யாரும் இல்ல."

"இருக்காரே. சாந்தா குரூஸ்ல இருக்காரு."

"அவரை விடு. நான் செஞ்சது தப்பு. தெருவுல வெச்சுச் சொல்றேன், எல்லாரும் கேக்கட்டும். நான் செஞ்சது தப்பு. இன்னையிலேர்ந்து நீதான் அதுக்கு ஞானத்தகப்பன்."

ருஃபினோ காகிதச் சுருளைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்தான். முகத்தில் கோபத்தைத் தேடினான் நிக்கானோர். கிடைக்கவில்லை.

"ஒரு பிள்ளைக்கு ரெண்டு ஞானஸ்நானம் உண்டா? வண்டிக்கும் கிடையாது. ரெண்டு பேர் தொட்டு வெச்ச வண்டி வழியில தடுமாறும்னு சொல்லுவாங்க. யோலாவும் அதுலதானே ஏறுறா. நான் அந்த வம்பை அதுக்குச் செய்ய மாட்டேன்."

"அப்ப வித்துடறேன்."

"வித்துட்டு? நல்ல வண்டி அது. அது மேல என்ன தப்பு?"

"வேற வாங்குறேன். பழசு. தள்ளித்தான் கிளப்பணும்னு இருக்குற மாதிரி ஒண்ணு. அதுக்கு நீ."

லிடியா உள்ளே போய்விட்டாள். இந்த டயர் இனிமேல் தாங்காது என்று வாடிக்கைக்காரரிடம் சொல்லும் அதே மெல்லிய குரலில் ருஃபினோ சொன்னான்.

"வாங்கலாம் நிக்கானோர். ஆனா அப்பவும் யாராவது வந்து பானெட்டைத் தட்டுவாங்க."

இல்லை, இனி அப்படிச் செய்ய மாட்டேன் என்று சொல்ல நிக்கானோர் வாயைத் திறந்தான். அதை ருஃபினோ நம்புவதற்கு முன்னால் தான் நம்ப வேண்டுமே என்று தோன்றியது. மூடிக்கொண்டான்.

"இஞ்சினியர் கேட்டா யாராலதான் முடியாதுன்னு சொல்ல முடியும்?" என்றான் ருஃபினோ. "அன்னைக்கு முன்னாடி ராத்திரி வந்து சொல்லியிருந்தா, நானே மாலையைக் கொண்டாந்து உன் வீட்டுல குடுத்துட்டுப் போயிருப்பேன். காருல மூணு மணி நேரம் என்னைப் பேச விட்டுட்டே வந்தே பாரு." பாட்டிலை எடுத்து நிக்கானோரின் கிளாஸை மறுபடி நிரப்பினான். "குடி. நல்ல நாளு. உன் வீட்டுக்கு, உன் பொண்டாட்டிக்கு, உன் வண்டிக்கு எல்லாம் நல்லதே நடக்கட்டும்."

மனதாரத்தான் சொன்னான். அதைத்தான் நிக்கானோரால் தாங்க முடியவில்லை. அடுத்து வந்தவர் ரொட்டிக்காரர். ருஃபினோ அவர் தலையிலும் ஒரு கைப்பிடி தூவி, அவருக்கும் ஒரு கிளாஸ் நிரப்பி, அவர் அடுப்புக்கும் அதே வார்த்தையைச் சொன்னான்.

நிக்கானோர் வீட்டுக்கு நடந்தான். வாசலில் யோலா காத்திருந்தாள். அவன் தலையிலும் தோளிலும் பச்சையும் ரோஜா நிறமுமாகக் காகிதத் தூளைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"தூவி விட்டாரா? அப்ப சமாதானம் ஆயிட்டீங்கன்னு சொல்லு."

நிக்கானோர் செடானின் பானெட்டில் கையை ஊன்றிக்கொண்டான். வெயிலில் அது சுட்டது. கையை எடுக்கவில்லை.

"சண்டை போட்டிருந்தா சமாதானம் ஆகலாம், யோலா" என்றான். "அவன் என்கூட சண்டையே போடலையே."